கேம்பர் வேனில் ஜிபிஎஸ்ஸும் லேப்டாப் மேப்பும்: வேலூர் வெயிலில் ஓட்டிப் பார்த்து எழுதிய பதில்

சத்துவாச்சாரியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். பழைய டெம்போ டிராவலர் ஒன்றை வாங்கி, சீட்டுகளைக் கழற்றி, கட்டில், சின்னச் சமையல் மேடை, மடக்கு மேசை எல்லாம் போட்டாகிவிட்டதாம். இனி ஜிபிஎஸ் வேண்டும். போன் திரை சின்னதாக இருக்கிறது. வீட்டில் சும்மா கிடக்கும் லேப்டாப்பை டிரைவர் பக்கத்தில் மாட்டிப் பெரிய மேப்பாக ஓடவிட முடியுமா? ஜவ்வாது மலையில் டவர் இல்லாத இடத்திலும் வேலை செய்யுமா? என்ன வாங்க வேண்டும், கரண்ட் எங்கிருந்து எடுப்பது? இவ்வளவுதான் கேள்வி.

முடியும். ஆனால் கேட்ட மாதிரியே செய்யாதீர்கள், தம்பி. லேப்டாப்பின் இடம் பின்னால், மேசை மேல். முன்னால் வழி சொல்ல ஒரு போனோ எட்டு அங்குல டேப்லெட்டோ போதும். அது பேசட்டும், நீங்கள் ரோட்டைப் பாருங்கள். பெரிய திரை ஆசை எனக்கும் இருந்தது. இரண்டு முன் சீட்டுகளுக்கும் நடுவில் இரும்புக் குழாய் நட்டு, அதன் தலையில் ஒரு தட்டு வைத்து, லேப்டாப்பை அதில் உட்காரவைத்தேன். பார்க்கக் கம்பீரமாகத்தான் இருந்தது. அப்படியே ஏலகிரி ஏறினோம். 14 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் புலவர் பெயரோ வள்ளல் பெயரோ வைத்திருப்பார்கள். புலவர்களைத் தாண்டுவதற்குள் லேப்டாப் இரண்டு தடவை என் மனைவி மடிக்கு வந்துவிட்டது. மூன்றாவது தடவை அவள் அதைத் திருப்பித் தரவில்லை, மூடிப் பின்னால் கட்டிலில் போட்டுவிட்டாள். மேலே போய் டீ குடிக்கும்போதுதான் உறைத்தது, மீதி வளைவுகளை மேப்பே இல்லாமல் ஏறியிருக்கிறேன் என்று. ஒரே ரோடு, எங்கே தொலைந்துபோவது?

சட்டமும் ஏறக்குறைய இதைத்தான் சொல்கிறது. 2020 அக்டோபர் 1 முதல் அமலுக்கு வந்த மத்திய மோட்டார் வாகன விதித் திருத்தத்தின்படி, ஓட்டும்போது கையடக்கக் கருவியை வழி பார்ப்பதற்கு மட்டும், அதுவும் ஓட்டுநரின் கவனம் சிதறாத வகையில் பயன்படுத்தலாம். 15 அங்குல லேப்டாப்பை எந்தப் போலீஸ்காரரிடமும் கையடக்கக் கருவி என்று வாதாட முடியாது. இரண்டு கிலோ எடையுள்ள பொருள் சடன் பிரேக்கில் எங்கே பறக்கும் என்பதையும் யோசியுங்கள். ஏர்பேக் உள்ள வண்டியாக இருந்தால் அதற்கு எதிரே எதையும் மாட்டவே கூடாது.

இப்போது ஜிபிஎஸ். "டவர் இல்ல, ஜிபிஎஸ் வேலை செய்யல" என்று நம் ஊரில் எல்லோரும் சொல்கிறோம். ஜிபிஎஸ் சிக்னலுக்கும் செல்போன் டவருக்கும் சம்பந்தம் இல்லை. அது 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களிலிருந்து வருகிறது. நம் கருவி காது கொடுத்துக் கேட்கிறது, அவ்வளவுதான். திருப்பி எதையும் அனுப்புவதில்லை. டவர் போனால் உண்மையில் காணாமல் போவது இரண்டு: இணையத்திலிருந்து வந்துகொண்டிருந்த வரைபடம் ஒன்று, செயற்கைக்கோள்கள் இப்போது எங்கே இருக்கின்றன என்ற தகவல் இன்னொன்று. இந்த இரண்டாவது விஷயத்தைத்தான் பலர் கவனிப்பதில்லை.

ஒவ்வொரு செயற்கைக்கோளும் தன் பாதை விவரத்தைத் தானே ஒலிபரப்புகிறது. ஆனால் வேகம் நொடிக்கு வெறும் 50 பிட். தன்னைப் பற்றிய விவரத்தை ஒரு சுற்று சொல்லி முடிக்க 30 நொடி. எல்லாச் செயற்கைக்கோள்களின் பட்டியலையும் முழுதாகச் சொல்லி முடிக்கப் பன்னிரண்டரை நிமிடம். டவர் இருந்தால் போன் இதையெல்லாம் இணையத்தில் கண் மூடித் திறப்பதற்குள் வாங்கிக்கொள்கிறது. டவர் இல்லாத இடத்தில், அதுவும் இரண்டு நாள் அணைத்து வைத்திருந்த கருவியென்றால், வானத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்து கேட்க வேண்டியதுதான். ஆலங்காயத்திலிருந்து காவலூர் ஏறும் வழியில் ஒருமுறை நான் பொறுமை இல்லாமல் போனை அணைத்து அணைத்துப் போட்டேன். ஒவ்வொரு தடவையும் கேட்டது எல்லாம் அழிந்து முதலிலிருந்து ஆரம்பித்தது. மரம் இல்லாத இடமாகப் பார்த்து வண்டியை நிறுத்தி, ஐந்து நிமிடம் தொடாமல் விட்டிருந்தால் பிடித்திருக்கும். இன்னும் சுலபம், மலை அடிவாரத்தில் டவர் இருக்கும்போதே மேப் செயலியைத் திறந்து இடம் பிடித்துவிட்டு, அணைக்காமல் ஏறுவது.

நாவிக் இருக்கிறதா என்று பார்த்து வாங்கலாமா என்று இன்னொருவர் முன்பு கேட்டார். அது ஜிபிஎஸ் மாதிரியே இடம் சொல்லும் செயற்கைக்கோள் கூட்டம், நம் இஸ்ரோவுடையது, பெருமைதான். 2023 மே 29 அன்று ஏவிய என்விஎஸ்-01 செயற்கைக்கோளில்தான் உலகத்துச் சின்னக் கருவிகள் எல்லாம் கேட்கும் எல்1 அலைவரிசையை நாவிக்கில் முதன்முதலாகச் சேர்த்தார்கள். அதற்கு முந்தைய நாவிக் கோள்களின் அலைவரிசையை மலிவான யூஎஸ்பி கருவிகள் கேட்காது. எனவே அதை ஒரு நிபந்தனையாக வைக்காதீர்கள். ஜிபிஎஸ்ஸோடு, அதே வேலையைச் செய்யும் பிற நாட்டுக் குளோனாஸ், கலிலியோ, பெய்டூ இவற்றில் ஒன்றிரண்டையும் சேர்த்துக் கேட்கிற கருவியா என்று மட்டும் பாருங்கள். மலைச்சரிவு பாதி வானத்தை மறைக்கும் இடத்தில் அதன் பலன் தெரியும்.

லேப்டாப்பில் பெரும்பாலும் ஜிபிஎஸ் சில்லு இருக்காது. பிரவுசரில் மேப்பைத் திறந்து "என் இடம்" என்று அழுத்தினால் வேலூரில் உட்கார்ந்துகொண்டே சென்னை என்றோ பெங்களூர் என்றோ காட்டும். அது இணைய இணைப்பின் முகவரியை வைத்து ஊகிப்பது. ஆகவே தனியாக ஒரு யூஎஸ்பி ஜிபிஎஸ் வேண்டும். பென் டிரைவ் மாதிரி குட்டையாக நேரே செருகுவது ஒரு வகை. தட்டை வடை அளவில், அடியில் காந்தம் வைத்து, இரண்டு மீட்டர் ஒயரோடு வருவது இன்னொரு வகை. வேனுக்கு இரண்டாவதுதான். டெம்போ டிராவலரின் கூரை இரும்புத் தகடு. அதற்குக் கீழே மேசையில் செருகிய குட்டைக் கருவி ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்கும் துண்டு வானத்தை நம்பிப் பிழைக்க வேண்டும். வடையைக் கூரை மேல் ஒட்டுங்கள். சோலார் பேனல் போட்டிருந்தால் அதன் அடியில் தள்ளாமல் ஓரமாக, வானம் தெரிகிற இடத்தில் வையுங்கள். யூஎஸ்பி ஒயரை ஐந்து மீட்டருக்கு மேல் சும்மா நீட்டாதீர்கள். கூரையில் ஓட்டை போடும் இடத்தில் ஒயரைக் கீழ்நோக்கி ஒரு வளையமாகத் தொங்கவிட்டு உள்ளே எடுத்தால் ஐப்பசி மழைநீர் ஒயரைப் பிடித்துக்கொண்டு கட்டில் மேல் இறங்காது. முன் கண்ணாடிக்குப் பின்னால் டேஷ்போர்டில் வைத்தாலும் வேலை செய்யும், கண்ணாடியில் உலோகப் பூச்சுள்ள வெயில் படலம் இல்லாத வரை.

செருகியபின் நடக்கிற கூத்து தனி. இந்தக் கருவிகள் நொடிக்கு ஒருமுறை என்எம்இஏ என்ற வடிவத்தில் எழுத்துகளைக் கொட்டிக்கொண்டே இருக்கும். என் பழைய லேப்டாப்பைக் கருவி செருகிய நிலையிலேயே ஒருநாள் ஆன் செய்தேன். அம்புக்குறி தானாகத் துள்ளியது. கோப்புகள் தானாகத் திறந்தன, ஒரு ஃபோல்டர் இடம் மாறியது. வைரஸ் என்று நினைத்து வேர்த்துவிட்டது. விஷயம் இதுதான்: கம்ப்யூட்டர் விழிக்கும் நேரத்தில் சீரியல் போர்ட்டில் எழுத்துகள் வந்துகொண்டிருந்தால், அதைப் பழைய காலத்து சீரியல் மவுஸ் என்று நினைத்துக்கொள்ளும். டிவைஸ் மேனேஜரில் மவுஸ் பட்டியலைத் திறந்தால் நாம் வாங்காத "பால்பாயின்ட்" மவுஸ் ஒன்று உட்கார்ந்திருக்கும். அதை வலது கிளிக் செய்து "டிசேபிள்" கொடுங்கள். "அன்இன்ஸ்டால்" கொடுத்தால் அடுத்த தடவை திரும்பி வரும். அல்லது லேப்டாப் முழுதாக ஆன் ஆனபிறகு கருவியைச் செருகும் பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு சிக்கல் நேர் எதிரானது. யூ-ப்ளாக்ஸ் 7 சில்லு உள்ள கருவிகளை விண்டோஸ் 10, 11-இல் செருகினால் சில சமயம் "லொக்கேஷன் சென்சார்" என்று பதிவாகும், மென்பொருள் கருவியோடு பேசும் வாசலான காம் போர்ட்டே வராது. பிரவுசர் மேப்புக்கு அது நல்லது. ஆனால் க்யூஜிஐஎஸ் மாதிரி மேப் மென்பொருள்கள் காம் போர்ட்டைத் தேடும். டிவைஸ் மேனேஜரில் அதன் டிரைவரை "யூஎஸ்பி சீரியல் டிவைஸ்" என்று கையால் மாற்றினால் போர்ட் வந்துவிடும். மென்பொருள் போர்ட்டின் வேகம் (பாட் ரேட்) கேட்டால் இந்தக் கருவிகளுக்குப் பெரும்பாலும் 9600. சில பழைய கருவிகளுக்கு 4800. லினக்ஸ் போட்டிருந்தால் இந்த வம்பெல்லாம் குறைவு, ஜிபிஎஸ்டி என்ற நிரல் ஒன்றே எல்லா மென்பொருளுக்கும் பங்கிட்டுக் கொடுக்கும்.

கருவி கொட்டும் அந்த என்எம்இஏ எழுத்துக் குவியலை ஒருமுறையாவது கண்ணால் பாருங்கள். வேலூர் கோட்டை வாசலில் நின்றால் அட்சரேகை 1255.2 என்பது போல வரும். இதை 12.552 டிகிரி என்று படித்துவிடாதீர்கள். முதல் இரண்டு இலக்கம் டிகிரி, மீதி 55.2 நிமிடம். 60-ஆல் வகுத்துச் சேர்த்தால்தான் 12.92 டிகிரி. வகுக்காமல் மேப்பில் போட்டால் கோட்டையில் நிற்கும் வண்டி சுமார் 40 கிலோமீட்டர் தெற்கே, போளூருக்குப் பக்கத்தில் நிற்கும். நல்ல மென்பொருள் தானே வகுத்துக்கொள்ளும். நீங்களாக எக்செல்லில் ஒட்டி ஏதாவது செய்யும்போதுதான் இந்தத் தப்பு நடக்கும். எனக்கு நடந்தது.

இனி மேப். போனில் இரண்டு செயலிகளைச் சொல்வேன். ஆர்கானிக் மேப்ஸ் எளிமையானது. தமிழ்நாடு வரைபடத்தை ஒருமுறை இறக்கிவிட்டால் சிம் கார்டே இல்லாமல் வழி சொல்லும். ஓஸ்மேண்ட் கொஞ்சம் முறைக்கும், பழக ஒரு வாரம் ஆகும். ஆனால் அதில் வண்டியின் உயரம், அகலம், எடையைக் கொடுத்து வைக்கலாம். வேனுக்கு இதுதான் என் தேர்வு. இரண்டும், பொதுமக்களே சேர்ந்து வரையும் ஓபன்ஸ்ட்ரீட்மேப் தகவலில் ஓடுபவை. கூகுள் மேப்பிலும் ஆஃப்லைன் பகுதியைச் சேமிக்கலாம். அதற்குக் காலாவதி உண்டு, கிளம்புமுன் புதுப்பித்துக்கொள்ளுங்கள். நகர நெரிசலுக்கு, வேலூர் கிரீன் சர்க்கிளைச் சாயங்காலம் ஆறு மணிக்குத் தாண்டுவதற்கெல்லாம், கூகுள்தான். அதில் வாதமே இல்லை.

லேப்டாப்பில், விண்டோஸோடு கூடவே வந்த மேப்ஸ் செயலியை நம்பி இருந்தவர்களுக்கு: அது 2025 ஜூலையோடு கடையைக் கட்டிவிட்டது. மைக்ரோசாஃப்ட்டின் பழைய ஸ்ட்ரீட்ஸ் அண்ட் டிரிப்ஸ் பற்றி வெளிநாட்டு வேன்காரர்கள் பழைய பதிவுகளில் உருகி உருகி எழுதியிருப்பார்கள். அதுவும் நின்று பல வருடம் ஆகிறது, நம் நாட்டுச் சாலைகளுக்காகச் செய்ததும் இல்லை. இன்று இலவசமாகவே கிடைப்பவை க்யூமேப்ஷாக், க்யூஜிஐஎஸ் இரண்டும். வழி போட்டுப் பார்க்க, போய் வந்த தடத்தைத் திறந்து பார்க்க க்யூமேப்ஷாக். சொந்தமாக மேப்பில் எழுத க்யூஜிஐஎஸ். வீட்டு வைஃபையில், ஓபன்ஸ்ட்ரீட்மேப் தகவலைப் பகுதி பகுதியாகத் தரும் ஜியோஃபேப்ரிக் தளத்திலிருந்து தென் மண்டலத் தொகுப்பை இறக்கி வைத்தால் தமிழ்நாடு, கேரளா, கர்நாடகா, ஆந்திரா, தெலங்கானா எல்லாம் ஒரே கோப்பில் கைக்கு வந்துவிடும். லேப்டாப்பில் போட்ட வழியை ஜிபிஎக்ஸ் (வழியையும் தடத்தையும் சேமிக்கும் வடிவம்) கோப்பாக எடுத்து ஓஸ்மேண்டில் கொடுத்தால், பின்னால் மேசையில் தீர்மானித்ததை முன்னால் போன் சொல்லும். பெரிய திரைக்கும் டிரைவருக்கும் நடுவே வேண்டியது இந்த ஒரு கோப்புதான்.

ஊர்ப் பெயர் விஷயத்தில் நம் பகுதிக்காரர்கள் ஏமாறுவது அதிகம். திருப்பத்தூர் என்று தட்டினால் நம் திருப்பத்தூரும் வரும், சிவகங்கை மாவட்டத் திருப்பத்தூரும் வரும். ஆரணி என்றால் நம் பட்டு ஆரணியும் உண்டு, திருவள்ளூர் மாவட்ட ஆரணியும் உண்டு. வாலாஜாபேட்டை வேறு, வாலாஜாபாத் வேறு. ஆங்கில எழுத்தில் அவசரமாக அடிக்கும்போது இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். வண்டி கிளம்பியபின் "வலது பக்கம் திரும்பவும்" என்று அந்தப் பெண் குரல் சொல்லும்போது திசை தப்பாகத் தெரிந்தால், பேரைச் சந்தேகப்படுங்கள், பாதையை அல்ல.

பழைய கோப்புகளைப் பயன்படுத்துபவர்கள் இன்னும் ஒன்று பார்க்க வேண்டும். தேசிய நெடுஞ்சாலை எண்களை 2010-இல் மாற்றினார்கள். ராணிப்பேட்டையிலிருந்து கிருஷ்ணகிரி வரை நாம் 46 என்று சொல்லிக்கொண்டிருந்த ரோடு இப்போது 48. திருவண்ணாமலைக்குப் போவது 38. குடியாத்தம், பேரணாம்பட்டு வழியாகக் கர்நாடகத்துக்குப் போவது 75. டீக்கடையில் வழி கேட்டால் இன்றும் "பெங்களூர் ரோடு"தான். அந்தப் பெயரை யாரும் மாற்றவில்லை, மாற்றவும் முடியாது. மாவட்டமும் அப்படியே. 1989-இல் வட ஆற்காடு இரண்டானது, 2019-இல் வேலூர் மூன்றானது. ஆம்பூரையும் ஆற்காட்டையும் இன்னும் வேலூர் மாவட்டம் என்று காட்டும் முகவரிப் பட்டியல்கள் உண்டு. மாவட்டப் பெயரைச் சேர்த்துத் தேடினால் சில சமயம் ஊரே கிடைக்காது. ஊர்ப் பெயரை மட்டும் போடுங்கள்.

லேப்டாப் தன் சோற்றுக்கு உழைப்பது எங்கே தெரியுமா? மேப்பின் மேல் நம் சொந்தக் குறிப்புகளை வைக்கும் அடுக்கு ஒன்றை வரையும்போது. எந்த மேப்பும் சொல்லாத விஷயம் ஒன்று இருக்கிறது: உங்கள் வண்டியின் தலை இடிக்கும் இடம். அரக்கோணத்திலிருந்து காட்பாடி, குடியாத்தம், ஆம்பூர், வாணியம்பாடி வழியாக ஜோலார்பேட்டை வரை ரயில் பாதை நம் பகுதியைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகிறது. கிராமத்துச் சாலைகள் அதற்கு அடியில் சுரங்கப் பாலமாக நுழைகின்றன. காருக்குக் குறுக்கு வழி. கூரையில் பேனலும் கேரியரும் வைத்த வேனுக்குப் பொறி. ஓஸ்மேண்டில் உயரம் கொடுத்து வைத்தாலும், அந்தப் பாலத்தின் உயரத்தை யாராவது ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் பதிந்திருந்தால்தானே அது தவிர்க்கும்? நம் கிராமத்துப் பாலங்களுக்குப் பெரும்பாலும் யாரும் பதியவில்லை.

குடியாத்தம் பக்கம் ஒருமுறை "நான்கு நிமிடம் மிச்சம்" என்று போன் காட்டிய வழியில் திரும்பினேன். உயரத் தடுப்புக் கம்பி முன்னால் வந்து நின்றது. பின்னால் மூன்று ஆட்டோ, ஒரு டிராக்டர், அதன் மேல் வைக்கோல். இறங்கி நாடாவை எடுத்து அளந்தேன். கம்பிக்குக் கீழே இருந்த இடத்தைவிட என் கூரைப் பேனல் ஒரு சாண் அதிகம். டிராக்டர்க்காரர் இறங்கி வந்து பார்த்துவிட்டு, "அளந்தா கம்பி ஏறுமாண்ணா?" என்றார். ரிவர்ஸில் முந்நூறு மீட்டர் வந்தேன். அன்று இரவு க்யூஜிஐஎஸ்ஸில் அந்தப் பாலத்துக்கு முதல் புள்ளி வைத்தேன்: இடம், உயரம், அளந்த தேதி. இன்று என் அடுக்கில் பாலங்கள் மட்டுமல்ல, தண்ணீர் பிடிக்க விடும் பெட்ரோல் பங்க், இரவு வண்டி போட்டால் யாரும் தட்டாத இடம், மதியம் நிழல் விழும் மரத்தடி எல்லாம் இருக்கின்றன. பாலாற்றுத் தரைப்பாலங்களைச் சிவப்பில் வைத்திருக்கிறேன். மேப்பில் ஆறு வருடம் முழுக்க நீலமாகத்தான் இருக்கும், நமக்குத் தெரியும் அது மணல் என்று. ஆனால் 2021 நவம்பர் மாதிரி ஒரு வெள்ளம் வந்தால் தரைப்பாலம் இருந்த இடமே தெரியாது. காப்புக்காட்டு எல்லைகளையும் போட்டு வையுங்கள். வனத்துறை அனுமதி இல்லாமல் அதற்குள் இரவு வண்டி நிறுத்துவது வம்பு. உங்கள் வண்டியின் முழு உயரத்தைப் பேனல், கேரியர் எல்லாம் சேர்த்து அளந்து டேஷ்போர்டில் எழுதி ஒட்டுவதை இன்றே செய்யுங்கள்.

மலைக்கு உயரத் தகவலையும் இறக்கலாம். 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்கலம் ரேடாரால் அளந்த எஸ்ஆர்டிஎம் தகவல் சுமார் 30 மீட்டர் கட்டங்களாக இலவசமாகக் கிடைக்கிறது. ஜமுனாமரத்தூருக்குப் போளூரிலிருந்தும் ஏறலாம், திருப்பத்தூரிலிருந்தும் ஏறலாம், ஆலங்காயம் காவலூர் வழியாகவும் ஏறலாம். எந்த வழியில் ஏற்றம் ஒரே மூச்சாக வருகிறது, எதில் பிரித்துப் பிரித்து வருகிறது என்று திரையில் வெட்டுமுகமாகப் பார்த்துவிடலாம். கொண்டை ஊசி வளைவின் சரிவைத் துல்லியமாகக் காட்டாது, அந்த அளவுக்குக் கட்டம் சின்னதில்லை.

கரண்டுக்கு வருவோம். பெரும்பாலோர் இங்கேதான் கோட்டைவிடுகிறார்கள். லேப்டாப் சார்ஜரை இன்வெர்ட்டரில் செருகுவது சுலபம், ஆனால் வீண். 12 வோல்ட்டை 230 ஆக்கி, அதைத் திரும்ப 20 வோல்ட்டாக இறக்குகிறோம். இரண்டு தடவையும் சூடாகப் போவது உங்கள் பேட்டரி. சும்மா ஆன் செய்து வைத்தாலே இன்வெர்ட்டர் கொஞ்சம் தின்னும். லேப்டாப் டைப்-சி வழியாகச் சார்ஜ் ஏறும் ரகமென்றால் 65 வாட் பிடி (பவர் டெலிவரி) கார் சார்ஜர் ஒன்று வாங்குங்கள். பழைய உருண்டை முனை என்றால் 19 வோல்ட்டுக்கு உயர்த்தும் டிசி கன்வெர்ட்டர். கணக்கு இப்படி: மேப் ஓடும் லேப்டாப் சராசரியாக 40 வாட் என்று வைத்தால், சேதாரம் சேர்த்து 12 வோல்ட்டில் ஏறக்குறைய 3.7 ஆம்ப். எட்டு மணி நேரத்துக்கு 30 ஆம்ப்-ஹவர். 100 ஆம்ப்-ஹவர் லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரிக்கு இது சிரமமே இல்லை. அதே அளவு ஆசிட் பேட்டரியென்றால் பாதிக்கு மேல் இறக்கக் கூடாது என்பதால் ஃபேனும் விளக்கும் சேர்ந்ததும் விடியும்போது திணறும். எப்படியானாலும் வண்டியை ஸ்டார்ட் செய்யும் பேட்டரியில் கை வைக்காதீர்கள்.

ஒயர் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். பேட்டரியிலிருந்து மேசைக்கு ஐந்து மீட்டர் என்றால், போக வர பத்து மீட்டர் செம்பு. ஒரு சதுர மில்லிமீட்டர் ஒயரில் 6 ஆம்ப் ஓடினால் ஒரு வோல்ட் வழியிலேயே காணாமல் போய்விடும். 12.2 வோல்ட் பேட்டரி மேசையில் 11.2 ஆகத் தெரியும். சார்ஜர் அணைந்து அணைந்து எரியும். இரண்டரை சதுர மில்லிமீட்டர் போட்டால் இழப்பு 0.4 வோல்ட்தான். என் வண்டிக்கு ஒயரிங் செய்த மேஸ்திரி பழைய ஒயரைப் பிடுங்கிக் காட்டி, "ஆசை பெருசு, ஒயரு சின்னது சார்" என்றார். ஃபியூஸ் பேட்டரியின் பிளஸ் முனையை ஒட்டியே இருக்க வேண்டும், மேசைப் பக்கத்தில் அல்ல. சிகரெட் லைட்டர் துளையை இதற்கு நம்பாதீர்கள். மேடு பள்ளத்தில் தளரும், தளர்ந்த இடம் சுடும்.

மலிவான கார் சார்ஜருக்கு இன்னொரு கெட்ட குணம் உண்டு: இரைச்சல். ஜிபிஎஸ் சிக்னல் மிக மெலிசு. பக்கத்தில் ஒரு மட்டமான சார்ஜரோ டேஷ்கேமோ இருந்தால் அதை அமுக்கிவிடும். சோதிப்பது எளிது. ஜிபிஎஸ் செயலிகளில் ஒவ்வொரு செயற்கைக்கோளுக்கும் சிக்னல் பலத்தைக் கம்பங்களாகக் காட்டும் திரை ஒன்று இருக்கும். திறந்த வெளியில் 40-ஐ ஒட்டி நிற்க வேண்டும். எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டுப் பார்த்து, பிறகு ஒவ்வொன்றாகச் செருகுங்கள். என் வண்டியில் டேஷ்கேம் சார்ஜரைச் செருகியதும் கம்பங்கள் 25-க்கு விழுந்தன. ஆறு மாதமாக நான் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தது கூரைமேல் இருந்த அந்த அப்பாவி வடையை.

அப்புறம் வெயில். இதை வெளியூர்க்காரர்கள் எழுதிய வழிகாட்டிகளில் தேடாதீர்கள், அவர்கள் பனிக்குப் பயந்தவர்கள். லேப்டாப் தயாரிப்பாளர்கள் பொதுவாக 35 டிகிரி சுற்றுப்புற வெப்பம் வரை என்று போட்டிருப்பார்கள். நம் ஊரில் சித்திரை, வைகாசியில் அது காலை பத்து மணிக்கே முடிந்துபோகும். அக்னி நட்சத்திரத்தில் வெளியே 41, 42 என்றால் மூடிய வேனுக்குள் 60 வரை போகும். நான் ஒரு மே மாதம் காட்பாடி ஸ்டேஷன் வெளியே வேனை நிறுத்திவிட்டு, உறவினரை அழைத்து வர உள்ளே போனேன். ரயில் இரண்டு மணி நேரம் தாமதம். திரும்பி வந்தால் மேசை மேல் இருந்த லேப்டாப்பின் டச்பேட் அப்பளம் மாதிரி மேலே எழும்பியிருந்தது, பேட்டரி உப்பிவிட்டது. அதை அழுத்தவும் கூடாது, சார்ஜில் போடவும் கூடாது. அன்றோடு ஒரு விதி வைத்தேன்: வண்டியை விட்டு இறங்கினால் லேப்டாப்பும் கூட இறங்கும். முடியாவிட்டால் கட்டிலுக்கு அடியில், தரையை ஒட்டிய பெட்டியில், அணைத்த நிலையில். வேனில் அதுதான் கொஞ்சமாவது குளிர்ந்த இடம். முன் கண்ணாடியில் ஒட்டும் போனை ஏசி காற்று வரும் துளையில் மாட்டினால் மதியத்தில் மயங்கி விழாது. ஓடும் வண்டியில் லேப்டாப்பைப் பயன்படுத்துவதானால் உள்ளே எஸ்எஸ்டி இருக்க வேண்டும். சுற்றும் வட்டு உள்ள பழைய லேப்டாப் நம் ரோட்டுக்குத் தாங்காது.

வெளிநாட்டுப் பதிவுகளைப் பார்த்து வாங்கக் கூடாத ஒன்றும் உண்டு. டவர் இல்லாத இடத்தில் செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவிகள், சாட்டிலைட் போன்கள் இவற்றை இந்தியாவில் அனுமதி இல்லாமல் வைத்திருந்தால் வழக்கு வரும். விமான நிலையத்தில் மாட்டிய சுற்றுலாப் பயணிகள் உண்டு. வெறுமனே சிக்னல் கேட்கும் ஜிபிஎஸ் கருவிக்கு அந்தத் தொல்லை இல்லை. உங்கள் வண்டி மஞ்சள் போர்டிலிருந்து வந்ததென்றால் ஏஐஎஸ்-140 டிராக்கர் ஏற்கெனவே மாட்டியிருக்கலாம். அது கட்டுப்பாட்டு மையத்துக்குத் தகவல் அனுப்ப வைத்தது. அதிலிருந்து ஒயர் இழுத்து மேப் ஓட்டலாமா என்று யோசிக்காதீர்கள். சீட்டைக் கழற்றி வீடாக்கிய மாற்றத்தை ஆர்டிஓவில் ஆர்சியில் ஏற்றியாகிவிட்டதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் மாட்டி முடித்ததும் நேரே ஊட்டிக்குக் கிளம்பாதீர்கள். ஒரு ஞாயிறு காலை, போனில் டேட்டாவை அணைத்துவிட்டு, கணியம்பாடி வழியாக அமிர்திக்குப் போய் வாருங்கள். 25 கிலோமீட்டர் சுமார். ஊர், வயல், காடு மூன்றும் வரும். லேப்டாப் பின்னால் மூடியபடி தடத்தைப் பதிவு செய்துகொண்டிருக்கட்டும். மூடினால் தூங்காதபடி பவர் செட்டிங்கை முதலில் மாற்றிவிடுங்கள். வீட்டுக்கு வந்து அந்தத் தடத்தை மேப்பில் உள்ள ரோட்டின் மேல் போட்டுப் பாருங்கள். அடியில் பழைய சர்வே வரைபடத்தை வைத்திருந்து, தடம் ரோட்டை விட்டு ஒரே பக்கமாக நூறு மீட்டருக்கு மேல் தள்ளி ஓடினால் அது கருவியின் தப்பு அல்ல. அந்த வரைபடம் எவரெஸ்ட் என்ற பழைய பூமி அளவுமுறையில் இருக்கிறது, ஜிபிஎஸ் டபிள்யூஜிஎஸ்84-இல் சொல்கிறது. க்யூஜிஐஎஸ்ஸில் அடுக்கின் அளவுமுறையைச் சரியாகக் கொடுங்கள். அங்கங்கே மட்டும் சிதறினால் வடையின் இடத்தை மாற்றுங்கள். நடுவில் துண்டு துண்டாக அறுந்திருந்தால் கரண்ட் போயிருக்கிறது, ஒயரைப் பாருங்கள். கையோடு ஒரு அளவு நாடாவும், கூடுதலாக இரண்டு 10 ஆம்ப் ஃபியூஸும் டேஷ்போர்டு பெட்டியில் இருக்கட்டும்.